சர்வர் அறை காலியான பிறகு

(கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் துறை விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கித் தரும்படி துறைத் தலைவரிடம் கேட்டிருந்தேன். வந்த தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளப் போகிறது, இனி சிஸ்டம் அட்மின் என்றொரு வேலை இருக்குமா? நியாயமான பயம். சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கும். பெயர் மாறலாம், சம்பளம் கூடக் கூடலாம். ஆனால் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் வழி அடைபட்டுக்கொண்டு வருகிறது. என்னைத் தூங்கவிடாத கவலை அதுதான். இன்று அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

தான் செய்த வேலையை ஒவ்வொன்றாக இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒரு படி தள்ளி நிற்பது இந்தத் தொழிலுக்குப் பழக்கமான விஷயம். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370 கணினி வந்தது. அதுபோன்ற பெரிய இயந்திரங்களின் காலத்தில் நிரல் எழுதுகிறவர் கணினியைத் தொடமாட்டார். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அட்டைகளை ஓட்டுவது, டேப் சுருளை மாட்டிக் கழற்றுவது, அச்சாகி வந்த காகிதத்தைக் கிழித்துப் பெயர் பார்த்து அடுக்குவது எல்லாம் ஆபரேட்டரின் வேலை. அவருக்கு இயந்திரத்தின் சத்தம் தெரியும். டேப் சுற்றும் ஓசை மாறினால் எழுந்து போய்ப் பார்ப்பார். அந்த வேலைகளில் ஒன்றுகூட இன்று மனிதர் செய்வதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், எந்தக் கணினிப் பெயருக்கு எந்த முகவரி என்ற விவரம் முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர வேண்டுமானால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், அந்த விவரத்தைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். ஒரு குழுவின் கைவேலை மறைந்தது. ஆனால் டி.என்.எஸ். சர்வரைப் பராமரிப்பது என்ற புதிய வேலை உலகெங்கும் முளைத்தது. வேலை ஒழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத கதைக்கு வருகிறேன். 1986. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர் இருந்தார். அவருடைய ஆய்வுக்கான நிதி தீர்ந்துவிட்டதால் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கணினி நேரத்துக்கு ஆய்வாளர்களிடம் கட்டணம் வசூலிப்பது வழக்கம். அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை. ஏன் இடிக்கிறது என்று பார்க்கச் சொல்லி, புதிதாக வந்த அவரிடம் கொடுத்தார்கள். யாராக இருந்தாலும் கணக்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவர் போகவில்லை. தோண்டத் தோண்ட, கட்டண விலாசமே இல்லாத ஒரு பயனர் கணக்கு வெளிப்பட்டது. யாரோ வெளியிலிருந்து நுழைகிறார்கள். ஒரு வார இறுதியில் அலுவலகத்தில் கிடைத்த பிரின்டர்களையும் டெலிடைப்களையும் சேகரித்து, தொலைபேசி வழி உள்ளே வரும் இணைப்பு ஒவ்வொன்றிலும் மாட்டிவைத்து, அங்கேயே படுத்துக்கொண்டார். நுழைந்தவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் வந்தது. மாதக்கணக்கில் துரத்தியதில், தடம் கடைசியில் அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் ஒருவனிடம் போய் நின்றது. அமெரிக்க ராணுவக் கணினிகளிலிருந்து எடுத்ததைச் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்த கும்பலைச் சேர்ந்தவன் அவன்.

ஸ்டாலிடம் அன்று பெரிய கருவி எதுவும் கிடையாது. எழுபத்தைந்து சென்ட் இடிப்பதைப் பொறுத்துக்கொள்ளாத மனம் இருந்தது. இயந்திரம் பக்கத்திலேயே இருந்தது. அதற்குள் என்ன ஓடுகிறது என்பதை அடிவரை போய்ப் பார்க்க அவரால் முடிந்தது. நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் ராத்திரி கரைமேல் நடந்து போவார். மண் சற்று ஈரமாக இருக்கும் இடத்தில் நின்று கால் வைத்துப் பார்ப்பார். கசிவு உடைப்பாவதற்குள் அடைபடும். சிஸ்டம் அட்மின் வேலையின் சாரம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரைமேல் நடப்பது எப்போது நின்றது? ஒரே நாளில் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு நிறுவனத்தில் பத்து சர்வர் இருந்தால் அதுவே பெரிது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தோம். நிலவின் பெயர், நதியின் பெயர். எந்த இயந்திரத்தின் விசிறி சத்தம் போடும், எதன் டிஸ்க் எப்போது நிரம்பும் என்று மனப்பாடமாகத் தெரியும். எண்ணிக்கை நூறாகி ஆயிரமானபோது கையால் பார்ப்பது நடக்காத காரியமானது. 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் எழுதிய சி.எஃப்.எஞ்சின் என்ற மென்பொருள் இதற்கு ஒரு வழி காட்டியது. அதுவரை நாம் கணினிக்குச் செய்முறையைச் சொல்லிக்கொண்டிருந்தோம்: இதைச் செய், பிறகு இதைச் செய். பர்கெஸ் அதைத் திருப்பிப் போட்டார். இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வை. விலகிப் போனால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும். பப்பெட், செஃப், ஆன்சிபிள், டெராஃபார்ம் என்று பின்னால் வந்தவை எல்லாம் அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்கள்தாம். 2006இல் அமேசான் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தபோது இயந்திரமே கண்ணிலிருந்து மறைந்தது. சர்வர் வாங்க ஆர்டர் போட்டு, லாரி வந்து, ரேக்கில் ஏற்றி, கேபிள் இழுத்து, வாரக்கணக்கில் நடந்த வேலை சில வரி நிரலாகச் சுருங்கியது. பல அலுவலகங்களில் இன்று சர்வர் அறை காலி. ஏசியைக் கழற்றிவிட்டு அங்கே மீட்டிங் நடத்துகிறார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கையால் செய்யும் வேலையில் கை தவறும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், எட்டாவது விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. புதிய மென்பொருளுக்கான சமிக்ஞை அதை எழுப்பிவிட்டது. சந்தை திறந்த 45 நிமிடங்களில் அது இஷ்டத்துக்கு வாங்கி விற்றதில் 46 கோடி டாலர் நஷ்டம். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் ஆணையில் இன்னொரு விவரம் இருக்கிறது. அதை நான் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லி, உள் அமைப்பு ஒன்று 97 தானியங்கி மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தவற்றைத் தானியக்கம் தடுத்திருக்கும். எட்டில் ஒன்றை அது மறக்காது. ஆனால் அந்த 97 மின்னஞ்சல்களை என்ன செய்வது? இயந்திரம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்க ஆள் வேண்டும், கேட்டால் புரிய வேண்டும்.

1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். அவர் மனதில் இருந்தவை ரசாயன ஆலைகள், விமானி அறைகள் போன்றவை. கணினி நிர்வாகத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனாலும் நம் தொழிலைப் பற்றி எழுதப்பட்டதிலேயே முக்கியமானது அது என்பேன். அவர் வாதம் இப்படிப் போகிறது. சுலபமான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதருக்கு மிஞ்சுவது, இயந்திரத்தால் முடியாத, எப்போதாவது மட்டும் வரும், மிகக் கடினமான வேலை. அன்றாடம் கை பழகாததால் அந்தக் கடினமான வேலைக்கு வேண்டிய திறமையும் அவரிடம் தேய்ந்துபோயிருக்கும். தானியங்கி அமைப்புகளை இன்று மேற்பார்க்கிறவர்கள் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் கையால் செய்தவர்கள். அவர்களுடைய பழைய திறமையின் தயவில்தான் அமைப்பு ஓடுகிறது. அடுத்த தலைமுறைக்கு அந்தத் திறமை எங்கிருந்து வரும்? நாற்பது வருடத்துக்கு முன் அவர் கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

கூகுளில் 2003இல் பென் ட்ரெய்னர் ஸ்லாஸ் உருவாக்கிய எஸ்.ஆர்.இ. (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) அணியினர் இதற்கு ஒரு பகுதிப் பதில் வைத்திருந்தார்கள். நிரலாளர்களையே சர்வர் பராமரிப்பில் உட்கார வைத்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கைவேலை ஒருவருடைய நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். சேவை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கலாம் என்பதையும் எண்ணாக எழுதினார்கள். நூற்றுக்கு 99.9 என்றால் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம்; அதைத் தாண்டினால் புதிய மாற்றங்களை நிறுத்து. எனக்கு இதில் பிடித்தது, சேவை ஒருபோதும் நிற்கக் கூடாது என்ற பொய்யை அவர்கள் கைவிட்டார்கள் என்பது. நள்ளிரவில் போன் வந்து எழுந்து ஓடுகிற மனிதருக்கு அந்த நேர்மை பெரிய ஆறுதல். இன்றைய வேலை விளம்பரங்களில் சிஸ்டம் அட்மின் என்ற பெயர் குறைந்து எஸ்.ஆர்.இ., டெவ்ஆப்ஸ் என்று நீங்கள் பார்ப்பதன் வேர்களில் இதுவும் ஒன்று.

சென்னைக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள நிறுவனங்களின் கணினிகளைப் பழைய மகாபலிபுரம் சாலையிலும் அம்பத்தூரிலும் உட்கார்ந்து ஷிஃப்ட் முறையில் பார்த்துக்கொள்ளும் தொழில் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிமிர்த்தியது. அட்மின்களுக்கான கருவிகளும் இங்கே பிறக்கின்றன. இன்றைய ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைத்தான் எழுதியது. தான் கண்ணால் பார்த்தே இராத இயந்திரத்தை, கடல் கடந்து, கேபிள் வழியாகக் கவனித்துக்கொள்வதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அதே தூரம் ஒரு வெள்ளிக்கிழமை அவர்களைக் கைகட்டி நிற்கவும் வைத்தது.

2024 ஜூலை 19. இந்திய நேரம் காலை 9.39. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை உலகெங்கும் அனுப்பியது. அதில் பிழை. வாங்கிக்கொண்ட விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. எழுந்து மறுபடி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள். நிறுவனம் 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றது. பெற்று என்ன பயன்? விழுந்த கணினிக்குத் திருத்தத்தைக் கொண்டுசேர்க்க வழியில்லை, அதுதான் எழவே மாட்டேன் என்கிறதே. பல இடங்களில் ஒருவர் அந்தக் கணினியின் முன்னால் போய் நின்று, சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் நீளமான மீட்புச் சாவியை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு. இங்கே காலை ஷிஃப்ட். உலகின் மிக முன்னேறிய தொலைநிர்வாகக் கருவிகளை வைத்துக்கொண்டு, அங்கே விசைப்பலகை முன்னால் நிற்க ஓர் ஆளைத் தேடிப் போன் அடிக்க வேண்டிய நிலை. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றபோதும் இப்படித்தான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. சரிசெய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போனார்கள். யாரும் எளிதில் நுழைந்துவிடக் கூடாது என்று கட்டிய கட்டடத்தில் அவர்களே உள்ளே போய் வேலை செய்ய நேரம் பிடித்தது.

பேக்கப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் சாம்பலானது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை. உலகிலேயே அதிவேக இணையம் உள்ள நாடுகளில் ஒன்று அது. கிளவுட் என்றாலும் அது எங்கோ ஒரு கட்டடம். அங்கே பேட்டரி உண்டு, தீ உண்டு. நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம் என்று கேட்கிறவர் அந்த மையத்தில் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் குரல் மேலே போய்ச் சேர்வதற்கு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்த வேலையில் மேலதிகாரியிடம் விடாமல் கேட்கும் துணிச்சலும் தொழில்திறமைதான், மாணவர்களே.

இப்போது செயற்கை நுண்ணறிவு. லாக் கோப்புகளைப் படித்துச் சொல்கிறது, ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது, பல சமயம் நன்றாகவே தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முகவர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த வேளையில் ஒரு வாடிக்கையாளரின் உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்றும் அது சொன்னது. வாடிக்கையாளர் முயன்று பார்த்தார், திரும்ப முடிந்தது. எனக்கு இதில் அழிப்பைவிட இரண்டாவது பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. முடியாது என்று கருவி அடித்துச் சொல்லும்போது, இல்லை, பார்த்துவிடலாம் என்று இறங்க ஒருவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ரீஸ்டோர் என்றால் என்ன நடக்கிறது என்று கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டாலுக்கு நம் காலத்தில் ஒரு வாரிசு உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தரவுத்தளச் சோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பாதுகாப்பு அவர் வேலையே இல்லை. எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடித்தது. அரை நொடி! அவர் தோண்டினார். லினக்ஸில் கோப்புச் சுருக்கத்துக்குப் பயன்படும் எக்ஸ்.இஸட். என்ற நிரல் தொகுப்பில், பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த ஒருவர் புனைபெயரில் கள்ளக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் உலகின் எண்ணற்ற சர்வர்களில் அது குடியேறியிருக்கும். எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை நொடியில் உள்ளே போக வேண்டும் என்பது உடம்பில் ஊறியிருந்த ஒரு மனிதர் கண்டுபிடித்தார்.

அந்த ஊறல் எப்படி வருகிறது? பாஸ்வேர்டு மாற்றித் தருவது, டிஸ்க் நிரம்பிய டிக்கெட், ராத்திரி பேக்கப் தோற்றதா என்று பார்ப்பது என்று முதல் இரண்டு வருடம் நாங்கள் செய்த சலிப்பான வேலைகளிலிருந்து வந்தது. அவற்றைத்தான் இப்போது தானியக்கம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவை சம்பளம் கொடுத்து நடத்திய பள்ளிக்கூடமாகவும் இருந்தன என்பதை நிறுவனங்கள் கணக்கில் எடுக்கவில்லை. புதியவர்களை எடுப்பதைக் குறைத்துவிட்டு ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். அனுபவத்தை யார் கொடுப்பது? இதில் எனக்குக் கோபமே இருக்கிறது.

ஆகவே அந்தப் பள்ளிக்கூடத்தை வேறு இடத்தில் கட்ட வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஈவி நெமத் என்ற பேராசிரியை மாணவர்களை நம்பித் துறையின் உண்மையான கணினிகளையே ஒப்படைத்துப் பழக்கினார். தன் மாணவர்களோடு சேர்ந்து அவர் எழுதி 1989இல் வெளிவந்த யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு எங்கள் தலைமுறைக்கு வேதம்போல இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சொந்த சர்வர்களை வேலை நேரத்திலேயே வேண்டுமென்று வீழ்த்தும் நிரல் ஒன்றை எழுதிவைத்து, பொறியாளர்களைத் தயாராக வைத்திருந்தது. பழக்கம் தானாக அமையாத இடத்தில் அதைத் திட்டமிட்டு உண்டாக்கினார்கள். நம்மாலும் முடியும், செலவும் அதிகமில்லை.

துறைத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அவர் சம்மதித்துவிட்டார். லேபிலிருந்து கழித்துக்கட்டிய கணினிகள் மாடியறையில் கிடக்கின்றன. அவற்றை உங்களுக்குத் தருகிறார். முதல் பயிற்சியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் சர்வரை நிறுவி, ஒரு மாதம் நீங்களே பயன்படுத்துங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், உங்கள் பேராசிரியர் வந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போவார். வேறொரு கணினியில் எல்லா மடல்களையும் மீட்டெடுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாம், தடையில்லை. அது சொன்னதில் எது தவறாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை மடல் போயிற்று, எந்த இடத்தில் திகைத்தீர்கள் என்று நான்கு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவேன். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.